வான் வண்டிக்குள் வைஃபை எட்டவில்லை: எந்த எக்ஸ்டெண்டர் வாங்கலாம்?

சில்லுவீடு (வெள்ளவத்தை) – சனி, இரவு 9.40

வணக்கம். எங்களிடம் பழைய கே.டி.எச். ஹைரூஃப் வான் ஒன்று இருக்கிறது. உள்ளே கட்டில், சின்னக் குசினி, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பற்றரி, கூரையில் ஒரு சோலார் பலகை எல்லாம் நானும் மனைவியும் சேர்ந்தே பூட்டினோம். மாதம் இரண்டு தரம் நுவரெலியா அல்லது எல்ல, சீசனில் அறுகம்பை. அறை எடுப்பதில்லை. கெஸ்ட் ஹவுஸ் வளவுக்குள் வானை விட்டுவிட்டு, குளியலறைக்கும் வைஃபைக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுப்போம்.

பிரச்சினை அந்த வைஃபைதான். விறாந்தையில் நின்றால் நன்றாக வரும். வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. மனைவி ஓ.எல். பிள்ளைகளுக்குப் பின்னேரம் ஆறரைக்கு சூமில் கணிதம் எடுக்கிறவர். போன கிழமை நுவரெலியாவில் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருக்கும்போது மூன்று தரம் அறுந்துவிட்டது. மிச்சத்தைக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்து முடித்தார். திரும்பி வரும்போது ரம்பொடை தாண்டும் வரை என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் சுவரில் செருகும் எக்ஸ்டெண்டர் ஒன்றைக் காட்டி, "வேகம் 1200 எம்பிபிஎஸ், மூன்று மாடிக்கு அடிக்கும்" என்றார்கள். வாங்கலாமா? இருபத்தைந்தாயிரம் ரூபாவுக்குள் முடித்தால் நல்லம்.

பின்வளவு (கிருலப்பனை) – சனி, இரவு 10.05

தாராளமாக வாங்குங்கள் அண்ணா. எங்கள் வீட்டில் ஹோலுக்கும் பின் அறைக்கும் நடுவில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

கம்பிக்காரன் (கொட்டாஞ்சேனை) – சனி, இரவு 11.20

தம்பி, காசைக் கொடுக்கமுதல் கொஞ்சம் பொறுங்கள். நான் இருபது வருடமாக நெட்வொர்க் கம்பியும் சிசிடிவியும் இழுக்கிறவன். பின்வளவு சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. வானுக்குச் சரிவராது.

எக்ஸ்டெண்டர் என்பது நடுவில் நிற்கிற ஆள். கெஸ்ட் ஹவுஸ் ரவுட்டர் இன்னும் தெளிவாகக் கேட்கிற இடத்தில் நின்றுகொண்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. வீட்டில் நடு இடத்தில் ஒரு பிளக் இருக்கும். உங்களுக்கு நடு இடம் எங்கே? வளவுப் புல்லில். அதைக் கொண்டுபோய் வானுக்குள் செருகினால், உங்கள் போனுக்குக் கேட்காத அதே இடத்தில் அதற்கும் கேட்காது. ஆனால் போனில் எல்லாக் கோடும் காட்டும், ஏனென்றால் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையில் இரண்டு அடிதான். அந்தக் கோடு எக்ஸ்டெண்டர் வரைக்குமான கோடு. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது வேகம். கூட்டங்களில் மேடையில் ஒருவர் சிங்களத்தில் பேச, பக்கத்தில் இன்னொருவர் தமிழில் சொல்வாரே, கவனித்திருப்பீர்கள். மொழிபெயர்ப்பவர் பேசும்போது பேச்சாளர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மணித்தியாலப் பேச்சு இரண்டு மணித்தியாலம் இழுக்கும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் அனுப்பும் எக்ஸ்டெண்டரும் அப்படித்தான், வேகம் பாதியாகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 5இல் கொடுக்கிற இரட்டை அலைவரிசைச் சாமான் இதில் பரவாயில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 1200 என்பது 2.4இன் 300ஐயும் 5இன் 867ஐயும் கூட்டி, மேலும் கொஞ்சம் உருட்டிய கணக்கு. எந்தப் போனுக்கும் அந்த 1200 ஒருநாளும் கிடைக்காது.

அதோடு சுவரில் செருகும் சாமானுக்கு 230 வோல்ட் வேண்டும். நாலைந்து வாட் குடிக்கிற சின்னப் பெட்டிக்காக இரவு முழுக்க இன்வேர்ட்டரை ஓட விடுவீர்களா? இன்வேர்ட்டர் சும்மா நிற்கவே பற்றரியைக் குடிக்கும்.

எல்லாத்துக்கும் மேலே, உங்கள் வான் ஒரு ரின்மீன் பேணி. தகரத்துக்குள் இருந்துகொண்டு வெளியே இருப்பவரோடு கதைக்கப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது தகரத்துக்கு வெளியே ஒரு காது.

வாங்கமுதல் ஒரு சோதனை செய்யுங்கள். போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, வானுக்கு வெளியே நின்றும் உள்ளே இருந்தும் அளந்து எழுதுங்கள். டிபிஎம் என்று மைனஸில் காட்டும், சைபருக்குக் கிட்ட வர வர நல்லது. −65 என்றால் சூம் சுகமாக ஓடும். −75இல் தடுமாறத் தொடங்கும். −85இல் வைஃபையின் பெயரை மட்டும் வாசிக்கலாம்.

சில்லுவீடு – ஞாயிறு, காலை 8.15

அண்ணா, வீட்டு ரவுட்டரை வைத்தே அளந்தேன். வான் கேற்றுக்கு வெளியே நின்றது.

வெளியே: −58
உள்ளே, கதவு சாத்தி: −67
உள்ளே, கண்ணாடிகளுக்கு வெள்ளி மறைப்பும் போட்டு: −79

மூன்றாவதைப் பார்த்தவுடன்தான் தலையில் அடித்துக்கொண்டேன். வெயிலுக்காக வாங்கிய அலுமினியத் தாள் மறைப்பு அது. பின்னேரம் இருட்டினால் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியக்கூடாது என்று அதையேதான் எல்லாக் கண்ணாடிக்கும் போடுவோம். வகுப்பு ஆறரைக்கு, மறைப்புப் போடுவது ஆறேகாலுக்கு! கூரைக்கும் பக்கச் சுவருக்கும் உள்ளே ஒட்டிய வெப்பத் தடுப்பும் அதே அலுமினியத் தாள்தான்.

கம்பிக்காரன் – ஞாயிறு, காலை 9.02

அது பேணிக்குள்ளே இன்னொரு பேணி. டிபிஎம்மில் ஒவ்வோர் இலக்கமும் ஒரு டெசிபெல். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. உங்களுக்கு −58இலிருந்து −79க்கு, 21 குறைந்திருக்கிறது. வந்த சக்தியில் நூறில் ஒரு பங்குகூட உள்ளே நுழையவில்லை. முதல் வேலையாக இரவுக்குத் துணித் திரை தையுங்கள். புறக்கோட்டையில் தடித்த துணி வாங்கலாம்.

ஒன்று மட்டும்: மற்ற முடிவுகளை வெள்ளவத்தையில் நின்று எடுக்க வேண்டாம். அங்கே ஒரு ஒழுங்கைக்குள் நாற்பது வைஃபை தெரியும், மாடிக்கு மாடி ரவுட்டர். 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று தடங்கள்தான், அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள் நெரிபடுவார்கள். நுவரெலியாவில் அந்த நெருக்கம் இருக்காது.

மலைக்குளிர் (மருதானை) – ஞாயிறு, காலை 11.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஹட்டன் ஆள், வேலை கொழும்பில். நீங்கள் எல்லாரும் குழாயைப் பற்றிக் கதைக்கிறீர்கள், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மலைநாட்டில் நிறையக் கெஸ்ட் ஹவுஸ்களில் நெட் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஜன்னல் ஓரத்தில் வைத்த ஒரு 4ஜி ரவுட்டர். அதை ஆறு அறைக்காரர் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த மிச்சத்தை வானுக்கு இழுக்க இருபத்தைந்தாயிரம் செலவழிப்பதைவிட, உங்கள் சொந்த சிம்மைப் போட்ட ஒரு 4ஜி ரவுட்டரை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வேலை முடிந்தது. வைஃபைக் கடவுச்சொல் கேட்டு யாருக்குப் பின்னாலும் திரியத் தேவையில்லை.

இரண்டு கவனம். சேவை வழங்குநர் கொடுக்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும், ஆகவே திறந்த ரவுட்டராகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் டேட்டா பக்கேஜ். பெரிய எண்ணைக் காட்டுவார்கள், சிலதில் பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கும் டேட்டா. ஆறரை மணிக் கணித வகுப்புக்கு அது உதவாது.

பின்வளவு – ஞாயிறு, பகல் 12.10

ஸ்டார்லிங்க் செய்மதி இன்டர்நெட் இப்போது இலங்கைக்கும் வந்துவிட்டதே? அதைப் போட்டால் இந்தத் தலையிடியே இல்லை.

மலைக்குளிர் – ஞாயிறு, பகல் 12.25

வந்தது 2025 ஜூலையில். மினி தட்டே 25 முதல் 40 வாட் எடுக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால் குறைந்தது 300 வாட்-மணி. இவருடைய பற்றரி ஈய அமிலம் என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, கையில் இருப்பது 600 வாட்-மணி. அதில் பாதியை இன்டர்நெட்டுக்கே கொடுத்துவிட்டு ஃபேனை என்ன செய்வது? விலையும் இவர் கேட்ட எல்லைக்குள் இல்லை.

கம்பிக்காரன் – ஞாயிறு, பின்னேரம் 4.45

மலைக்குளிர் கேட்டது நல்ல கேள்வி. நான் முதலே கேட்டிருக்க வேண்டும். அதனால் சில்லுவீடு, போய் இறங்கியதும் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு வேகச் சோதனை செய்யுங்கள். பதிவிறக்கத்தை விடுங்கள், பதிவேற்றத்தைப் பாருங்கள். ரீச்சரின் முகமும் குரலும் எழுதும் பலகையும் மேலே போக வேண்டும். பதிவேற்றம் நிலையாக இரண்டு மூன்று எம்பிபிஎஸ் இருந்தால் வகுப்பு நடக்கும். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே அது இல்லையென்றால் எந்த அன்டெனாவும் உதவாது. அங்கே சொந்த சிம்தான்.

ஆனால் எல்லா இடமும் அப்படியில்லை. ஃபைபர் போட்ட கெஸ்ட் ஹவுஸும் இருக்கிறது. பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னலே விழாத வளவும் இருக்கிறது, அங்கே சிம்மை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே வைஃபையை இழுக்கிற வழியும் கையில் இருக்கட்டும். நான் இரண்டு படியாகப் போவேன்.

முதற்படி, சின்னப் பயண ரவுட்டர். ஜிஎல்-ஐநெட் போன்றவர்களுடைய உள்ளங்கையளவுப் பெட்டி. யூஎஸ்பி 5 வோல்ட்டில் ஓடும், வானில் போன் சார்ஜ் போடும் இடமே போதும், இன்வேர்ட்டர் தேவையில்லை. கெஸ்ட் ஹவுஸ் வைஃபையை அது வாங்கி, உங்கள் பெயரில் உள்ளே ஒரு வைஃபை கொடுக்கும். ஹோட்டல்களில் அறை எண் கேட்கும் பக்கம் வருமே, அதை ஒரு தரம் ஒரு போனில் நிரப்பினால் போதும், பின்னால் இருக்கும் மடிக்கணினி, டேப் எல்லாம் அதன் நிழலில் போய்விடும். கண்ணாடி ஓரத்தில் வையுங்கள், தகரத்துக்குப் பின்னால் வேண்டாம்.

அது போதாவிட்டால் இரண்டாம் படி, வெளியில் பூட்டும் சிபிஇ, அதாவது ரேடியோவும் அன்டெனாவும் சேர்ந்த வைஃபைப் பெட்டி. டிபி-லிங்க் சிபிஇ210, யுபிக்விட்டி நானோஸ்டேஷன் லோகோ எம்2 வகை. நாங்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குக் கமெரா இணைக்கப் பாவிக்கிற அதே வெள்ளைப் பெட்டி. சிபிஇ210இல் 9 டிபிஐ (அன்டெனா சிக்னலைக் கூட்டும் அளவு) அன்டெனா உள்ளேயே இருக்கிறது. திசை பார்த்துத் திருப்ப வேண்டும், ஆனால் பார்வை அகலமானது, ரவுட்டர் இருக்கும் பக்கத்தைக் காட்டி வைத்தால் போதும். 2.4 மொடலையே எடுங்கள். மரமும் சுவரும் தாண்டிப் போவதில் 5ஐவிட அது கெட்டி.

கூரையில் வெறும் அன்டெனாவைப் பூட்டி டிவி அன்டெனா வயர் மாதிரியான மெல்லிய கோஎக்ஸ் வயரில் உள்ளே இழுக்கலாமே என்று ஒருவர் கேட்பார். ஆர்ஜி-58 வயரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் கரையும். ஐந்து மீற்றர் இழுத்தால் அன்டெனா சம்பாதித்ததில் பாதியை வயர் சாப்பிடும். சிபிஇயில் ரேடியோ அன்டெனாவோடு மேலேயே இருக்கிறது. கீழே வருவது சாதாரண நெட்வொர்க் கேபிள், அதில் அந்த இழப்பு இல்லை. கரண்ட்டும் அதே கேபிளில் மேலே போகும்.

உப்புக்காற்று (தெஹிவளை) – ஞாயிறு, இரவு 8.50

நான் இரண்டு வருடமாக இப்படி ஒரு சிபிஇயை வானில் பாவிக்கிறேன். அதிகம் கல்பிட்டிப் பக்கம். கம்பிக்காரன் அண்ணா சொன்னது எல்லாம் சரி. அவர் சொல்லாமல் விட்ட இரண்டை என் பிழையிலிருந்து சொல்கிறேன்.

சிபிஇயோடு வரும், கேபிளில் கரண்ட் அனுப்பும் சின்னக் கறுப்புப் பெட்டியில் இரண்டு துளை இருக்கும், பார்க்க ஒரே மாதிரி. ஒன்று சிபிஇக்கு, அதில் 24 வோல்ட் வரும். மற்றது ரவுட்டருக்கு. நான் இருட்டில், ரோச்சை வாயில் கடித்துக்கொண்டு, மாறிச் செருகினேன். 24 வோல்ட் என் மடிக்கணினிக்குப் போனது. மடிக்கணினி பிழைத்தது, அதன் நெட்வொர்க் துளை அன்றோடு சரி. இப்போது இரண்டு துளைக்கும் நகப்பூச்சு: சிவப்பு மேலே போவது, பச்சை உள்ளே வருவது.

மற்றது உப்பு. கேபிள் நுனிக் கொழுவியில் எட்டு உலோக முள் இருக்கும். ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிட்டது. சிபிஇயின் அடிமூடியைச் சரியாகச் சாத்துங்கள், கேபிளை நேராக மேலிருந்து இறக்காமல் கீழே ஒரு வளைவு விட்டு எடுங்கள். மழைத்தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஓடாது.

தடம்தேடி (பொரளை) – ஞாயிறு, இரவு 9.30

ஒன்லைனில் "போன் சிக்னல் பூஸ்டர்" என்று வருகிறதே, சிம் சிக்னலையும் ஏற்றும் என்கிறார்கள். அது எப்படி?

கம்பிக்காரன் – ஞாயிறு, இரவு 9.41

வேண்டாம். அது போன் கம்பனிகளின் அலைவரிசையில் ஒலிபரப்பும் சாமான். இங்கே ரேடியோக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குள் வருகின்றன, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். மலிவான பூஸ்டர் ஒன்று இரைந்தால் அந்தப் பக்கத்துக் கோபுரத்தில் இருக்கும் எல்லாருக்கும் கெடும்.

பின்வளவு – ஞாயிறு, இரவு 10.15

எனக்கு ஒரு சந்தேகம். எக்ஸ்டெண்டரைக் கெஸ்ட் ஹவுஸ் விறாந்தைப் பிளக்கில் செருகச் சொல்லிக் கேட்டால் என்ன? அப்போது அது நடுவில்தானே நிற்கும்?

கம்பிக்காரன் – ஞாயிறு, இரவு 10.22

அட, அது நல்ல யோசனை! நடக்கும். முதலாளி சம்மதிக்க வேண்டும், காலையில் கழற்றிக்கொண்டு வர மறக்கக்கூடாது. வான் தகரம் சிக்னலைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் துணித் திரையோடு அதுவே போதுமான இடங்களும் இருக்கும்.

சில்லுவீடு – மூன்று கிழமைக்குப் பிறகு, திங்கள், இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

துணித் திரை தைத்தாயிற்று. யூனிட்டி பிளாசாவில் பயண ரவுட்டர் ஒன்று வாங்கினேன். சிபிஇ புதிதாக வாங்கவில்லை, தெரிந்த ஒருவர் கழற்றி வைத்திருந்ததைக் குறைந்த விலைக்குத் தந்தார். பற்றரியின் 12 வோல்ட்டைச் சிபிஇக்கு வேண்டிய 24 ஆக ஏற்றும் கன்வேர்ட்டருக்குப் பஞ்சிகாவத்தை போனேன். கடையில் எடுத்து நீட்டியது 24ஐ 12 ஆக இறக்குவது. லொறிக்காரர் எல்லாரும் கேட்பது அதைத்தானாம். "ஏற்றுவதா? எதற்கு?" என்று மூன்று பேர் சுற்றி நின்று விசாரித்தார்கள். கடைசியில் அங்கே கிடைக்கவில்லை, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்தது.

போன வெள்ளி மறுபடி நுவரெலியா, அதே வளவு. ரவுட்டருக்குப் பக்கத்தில் அளந்தேன், பதிவேற்றம் 8 எம்பிபிஎஸ். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மலைக்குளிர்! துணித் திரையோடு வானுக்குள் போன் −76 காட்டியது. பயண ரவுட்டரை முன்கண்ணாடி ஓரத்தில் வைத்ததும் அதற்கு −70. சமாளிக்கலாம். சிபிஇயைப் பின் ஏணியில் கட்டிய அலுமினியக் குழாயில் ஏற்றி விறாந்தைப் பக்கம் திருப்பினேன், −57.

ஆனால் இன்டர்நெட் வரவில்லை. அரை மணித்தியாலம் குளிரில் நின்று மண்டையைப் போட்டு உடைத்தேன். பிறகுதான் விளங்கியது, கெஸ்ட் ஹவுஸ் ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1, என் ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1. ஒரே ஒழுங்கையில் ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு மாதிரி. என்னுடையதை 192.168.50.1 ஆக்கியவுடன் ஓடத் தொடங்கியது. வகுப்பு ஒரு தரமும் அறுக்கவில்லை. சிபிஇயும் ரவுட்டரும் சேர்ந்து பத்துப் பதினொரு வாட்தான் எடுக்கின்றன, இரவு முழுக்க விட்டும் பற்றரிக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கம்பிக்காரன் – திங்கள், இரவு 9.30

நல்லம் தம்பி. இடி மின்னல் நாளில் குழாயைக் கீழே இறக்கிவிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கவனம். வானை எடுக்கமுதல் ஒவ்வொரு தரமும் கழற்ற வேண்டும்.

கணக்கு_ரீச்சர் (வெள்ளவத்தை) – திங்கள், இரவு 9.48

கம்பிக்காரன் அண்ணாவுக்கு நன்றி. பிள்ளைகள் சமன்பாட்டை முடித்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை குழாயைக் கழற்றாமல் வானை எடுத்தது யார், வளவு வாசலில் எந்த மரத்தின் கிளை முறிந்தது, முதலாளி என்ன சொன்னார் என்பதை மட்டும் மேலே எழுதியவர் எழுத மறந்துவிட்டார்.

சில்லுவீடு – திங்கள், இரவு 9.51

சின்னக் கிளை.